இயற்கைத் தேர்வு நம்மை விட்டுவிட்டதா? மனிதப் பரிணாமத்தின் வருங்காலம் குறித்த விவாத இழை

#1 காட்டுவாகை

வருங்கால மனிதனைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெருத்த தலை, சூம்பிய கால்கள், பல்லில்லாத வாய் என்று ஒரே படத்தைத்தான் வார இதழ்களின் அறிவியல் பக்கம் தொடங்கி வாட்ஸ்அப் வரைக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பயன்படுத்தாத உறுப்பு தேய்ந்து மறையும் என்ற, டார்வினுக்கு முந்தைய இயற்கையியலாளர் லாமார்க் காலத்து நம்பிக்கைதான் அதற்கு அடிப்படை. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்பவரின் கால்கள் மெலியலாம். அந்த மெலிவு அவருடைய பிள்ளைக்குப் போய்ச் சேர வழியில்லை. ஆகவே அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு, அதைவிடக் கடினமான ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் மரபியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ், வளர்ந்த நாடுகளிலேனும் மனிதப் பரிணாமம் ஏறத்தாழ நின்றுவிட்டது என்று 2008 இல் ஓர் உரையில் வாதிட்டார். பிறக்கும் குழந்தைகள் அனைவருமே பிள்ளை பெறும் வயதை எட்டிவிட்டால், இயற்கை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கும் என்பதே அவருடைய வாதத்தின் முதுகெலும்பு. இந்த நிலை ஐரோப்பாவோடு நிற்கவில்லை. இந்திய அரசின் பிறப்பு இறப்புக் கணக்கெடுப்பான மாதிரிப் பதிவு முறையின் 2020 ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 13 மட்டுமே.

ஆனால் இறப்பு என்பது இயற்கைத் தேர்வின் ஒரு வாசல்தான். யார் எத்தனை பிள்ளை பெறுகிறார், எந்த வயதில் பெறுகிறார் என்பது இன்னொரு வாசல். தேர்வுக்கான வாய்ப்பை இறப்பால் வரும் பகுதி, மகப்பேற்றால் வரும் பகுதி என்று இரண்டாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் குரோ 1958 இலேயே வகுத்துத் தந்தார். முதல் பகுதி சுருங்கும்போது இரண்டாம் பகுதியின் பங்கு உயர்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்காம் நகரில் 1948 இல் தொடங்கிய இதயநோய் ஆய்வின் பதிவேடுகளைக் கொண்டு, ஸ்டீபன் ஸ்டர்ன்ஸும் அவருடைய குழுவினரும் 2010 இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இதே போக்கு பத்துத் தலைமுறை நீடித்தால், அங்குள்ள பெண்கள் சராசரியாக 2 சென்டிமீட்டர் குள்ளமாகவும் ஒரு கிலோ கூடுதல் எடையோடும் இருப்பார்கள், முதல் குழந்தையை ஐந்து மாதம் முன்னதாகப் பெறுவார்கள், மாதவிடாய் நிற்பது பத்து மாதம் தள்ளிப்போகும் என்பது அவர்களுடைய கணிப்பு.

பரிணாமம் நிற்கவில்லை, இடுகாட்டிலிருந்து பிரசவ அறைக்கும் கல்யாணப் பந்தலுக்கும் இடம் மாறியிருக்கிறது என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#2 சந்தேகப்பிராணி

மறுக்கிறேன். தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரே நூற்றாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. மரபணு எதுவும் மாறவில்லை; சோறும் சுகாதாரமும் மாறின. இப்படி ஒரு வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பத்துத் தலைமுறைக்கு 2 சென்டிமீட்டர் என்று சொல்லப்படும் அந்தச் சிறு ஓடையை யாரால் அளந்து காட்ட முடியும்? அத்துடன், பத்துத் தலைமுறைக்கு ஒரே போக்கு நீடிக்கும் என்ற அனுமானம் எங்கிருந்து வந்தது? 1950 இல் நம் பாட்டிமார் ஆறும் ஏழும் பெற்றார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 1.8 தான். போக்கு ஒரு தலைமுறைக்கே தாங்காதபோது, அந்தப் பத்துத் தலைமுறை முடியும் 2409 ஆம் ஆண்டுக்குக் கோடு இழுப்பது சோதிடத்துக்குப் பக்கத்து வீடு.

#3 மரபணு_மாணவி

சந்தேகப்பிராணி அவர்களின் எச்சரிக்கை நியாயமானது. வளர்ப்பால் வரும் மாற்றத்தையும் மரபால் வரும் மாற்றத்தையும் பிரித்துக் காட்டாத எந்த ஆய்வையும் நம்பக் கூடாது. ஆனால் அதைப் பிரித்துக் காட்ட முயன்ற ஆய்வுகள் இருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே இல்-ஓ-கூத்ர் என்றொரு சிறு தீவு உள்ளது. அங்கே யார் யாருக்கு எப்போது பிறந்தார், யாரை மணந்தார், எப்போது இறந்தார் என்ற விவரங்கள் தேவாலயப் பதிவேடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. 1799 முதல் 1940 வரை மணம் செய்த பெண்களில், முதல் குழந்தையைப் பெறும் வயது ஏறக்குறைய 26 இலிருந்து 22 ஆகக் குறைந்ததை எம்மானுவேல் மிலோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அக்காள் தங்கை, சித்தி, ஒன்றுவிட்ட சகோதரி என்று உறவின் நெருக்கத்தை வைத்து, அந்த மாற்றத்தில் மரபின் பங்கு எவ்வளவு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். முன்னதாகப் பெற்றவர்களுக்கு அதிகப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பண்பில் ஒரு பகுதி மகள்களுக்குச் சென்றது. இயற்கைத் தேர்வுக்கு இதைவிட அதிகமாக எதுவும் தேவையில்லை. கால அளவு ஒன்றரை நூற்றாண்டுக்கும் குறைவு.

சங்கடம் தரும் எடுத்துக்காட்டும் உண்டு. ஐஸ்லாந்தில் 1910 முதல் 1990 வரை பிறந்தவர்களின் மரபணுத் தரவுகளை அகஸ்டின் காங்கும் சக ஆய்வாளர்களும் 2017 இல் ஆராய்ந்தபோது, நீண்ட காலம் படிப்பதோடு தொடர்புள்ள மரபு மாறுபாடுகள் மிக மெதுவாகக் குறைந்துவருவதைக் கண்டார்கள். அதே காலத்தில் ஐஸ்லாந்து மக்கள் படித்த ஆண்டுகள் கூடிக்கொண்டேதான் போயின. அதாவது வெள்ளமும் ஓடையும் எதிரெதிர்த் திசையில் ஓடலாம். இதைப் பிடித்துக்கொண்டு "அறிவு குறைகிறது" என்று கூச்சலிடுபவர்கள் கட்டுரையின் இரண்டாம் பக்கத்துக்குப் போகாதவர்கள். அந்த மாறுபாடுகளைக் கூட்டி ஆய்வாளர்கள் போடும் மதிப்பெண் அறிவின் அளவுகோல் அன்று. பள்ளியில் நீடித்திருப்பதற்குக் காரணமான நூறு விதமான குணங்களும் சூழ்நிலைகளும் அதில் கலந்திருக்கின்றன.

கருவள விகிதம் 1.8 ஆகிவிட்டது என்பதால் தேர்வு ஓய்ந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒன்று அல்லது இரண்டு என்று ஆகும்போது, பிள்ளையே இல்லாதவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடுதான் கணக்கை முடிவு செய்யும். தாமதமாக மணந்தாலும் கருத்தரிக்க இயலும் உடல், அந்த உலகில் முன்னைவிட அதிக மதிப்புப் பெறும். கருத்தரிப்பு மையங்களோ அந்த மதிப்பைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன.

#4 பேறுகால_மருத்துவர்

பிரசவ அறை என்று தொடக்கப் பதிவிலேயே சொல்லிவிட்டதால் நானும் நுழைகிறேன். வியன்னாவைச் சேர்ந்த ஃபிலிப் மிட்டெரோக்கர் குழுவினர் 2016 இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். குழந்தை பெரிதாக இருப்பது அதற்கு நல்லது. தாயின் இடுப்பெலும்பு குறுகலாக இருப்பதிலும் சில நன்மைகள் உண்டு. இரண்டும் எல்லை மீறினால் முற்காலத்தில் தாயும் சேயும் இறந்தார்கள். சிசேரியன் அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டதால், தலை கொள்ளாத பிரசவங்கள் ஆயிரத்துக்கு 30 என்ற அளவிலிருந்து 36 ஆக உயர்ந்திருக்கலாம் என்பது அந்த மாதிரி தந்த விடை. செய்தித்தாள்கள் "சிசேரியனால் மனித இனம் மாறிவிட்டது" என்று தலைப்பிட்டன. எந்தப் பெண்ணின் இடுப்பையும் அளந்து அடைந்த முடிவு இதுவன்று. காகிதத்தில் போட்ட கணக்கு.

தமிழ்நாட்டில் 2019–21 குடும்பநல ஆய்வின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய சராசரி 21.5. தெலங்கானாவில் 60.7. இந்த வேறுபாட்டை இடுப்பெலும்பால் விளக்க முடியாது. முதல் பிரசவம் சிசேரியன் என்பதால் இரண்டாவதும் சிசேரியன், துடிப்பு குறைகிறது என்ற அச்சம், தனியார் மருத்துவமனையின் வசதி, பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு "பத்தரைக்குள் எடுத்துவிடுங்கள்" என்று கேட்கும் மாமியார் என்று காரணங்கள் பலவாகும். நூற்றுக்கு நாற்பத்தைந்து என்ற எண்ணைப் பார்த்து நம் பெண்களுக்கு இயல்பாகப் பெறும் ஆற்றல் போய்விட்டது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

#5 செவ்வாய்_பயணி

நீங்கள் எல்லோரும் பழைய கருவிகளோடு வாதாடுகிறீர்கள். மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கைக்கு வந்த பிறகு, ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய தேவை என்ன? அடுத்து, செவ்வாயில் குடியேறினால் அங்கே ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் 38 சதவீதம்தான். கதிர்வீச்சும் அதிகம். சில நூறு தலைமுறைகளில் அங்கே வேறோர் இனம் உருவாகாதா?

#6 காட்டுவாகை

செவ்வாயைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கடல்மட்டம் உயர்ந்து டாஸ்மேனியா ஆஸ்திரேலியாவிலிருந்து துண்டிக்கப்பட்டது சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு. அங்கிருந்த மக்கள் அத்தனை காலம் உலகத் தொடர்பின்றி வாழ்ந்தும் நம் இனமாகவே இருந்தார்கள். போக்குவரத்து நீடிக்கும் வரை செவ்வாயிலும் புதிய இனம் தோன்றாது. சில நூறு தலைமுறை போதவே போதாது.

கிரிஸ்பர் விஷயத்தில் இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதம் அமெரிக்காவும் அரிவாள் அணு நோய்க்கு (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் மரபு நோய்) ஒப்புதல் தந்த காஸ்ஜெவி சிகிச்சையில், நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை வெளியே எடுத்து, திருத்தி, திரும்பச் செலுத்துகிறார்கள். அவருடைய விந்தணுவோ கருமுட்டையோ தொடப்படுவதில்லை. அவர் குணமடைந்து பிள்ளை பெற்றால் பழைய மரபணுவையே கொடுப்பார். கருவையே திருத்துவது வேறு வேலை. சீனாவில் ஹே ஜியான்குய் 2018 இல் அதைச் செய்து, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். அடுத்த ஆண்டு இறுதியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

உயரம், அறிவு போன்றவற்றைத் திருத்துவது கைக்கு எட்டும் தூரத்தில்கூட இல்லை. 2022 இல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைக் கொண்டு செய்த ஆய்வில், உயரத்துக்கு மட்டும் 12,000க்கும் அதிகமான மரபு மாறுபாடுகள் தொடர்புபட்டிருப்பது தெரியவந்தது. அவற்றில் எதைத் திருத்துவீர்கள், எதை விடுவீர்கள்?

#7 கூடலூர்_ஆய்வகம்

அரிவாள் அணு பற்றிய பேச்சு வந்துவிட்டதால், நீலகிரியில் ஆய்வக நுட்புநராகப் பணிபுரியும் எனக்கும் சொல்வதற்குச் சிறிது இருக்கிறது. இந்தியாவில் இந்தப் பண்பு இருப்பதை முதலில் பதிவு செய்தவர்கள் லேமனும் கட்புஷும். 1952 இல், இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான் கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், ஆப்பிரிக்கத் தரவுகளைக் கொண்டு ஆந்தனி ஆலிசன், தாய் தந்தையரிடமிருந்து வரும் இரண்டு மரபணுப் பிரதிகளில் அரிவாள் வடிவம் ஒரு பிரதியில் மட்டும் உடையவரை அது மலேரியாவிலிருந்து காக்கிறது என்று காட்டினார். முதுமலையும் வயநாடும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பெயர் போனவை. வெளியூர்க்காரர்கள் தங்க அஞ்சிய காடுகள். அங்கே நிலைத்து வாழ்ந்தவர்களின் உடலில் அந்த வரலாறு எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் சோதனை மிக எளிது. விரல் நுனியில் எடுத்த சிறிதளவு இரத்தத்தைச் சோதனைக் குழாயில் உள்ள கரைசலில் விட்டு, சில நிமிடம் கழித்து, கறுப்புக் கோடு போட்ட தாளுக்கு முன்னால் குழாயைப் பிடிப்போம். கோடு தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. கலங்கி, கோடு மறைந்தால் அரிவாள் ஈமோகுளோபின் இருக்கிறது. ஆனால் கலங்கல் ஒரு பிரதிக்கும் வரும், இரண்டு பிரதிக்கும் வரும். எது என்று அறிய மின்புலப் பகுப்புக்கு அனுப்பியாக வேண்டும். அந்த விடை வரும் வரைக்கும் தாய்மார் முகத்தைப் பார்ப்பது கடினம்.

இந்த இழையின் கேள்வியை இங்கே பொருத்திப் பார்க்கிறேன். தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953 இல் வந்த பிறகு அந்தப் பாதுகாப்பு தேவையற்றதாகிவிட்டது. சேதம் மட்டும் மிச்சம். அப்படியானால் மரபணு எவ்வளவு வேகமாகக் குறையும்? ஒரு சமூகத்தில் அதன் நிகழ்வெண் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, இரண்டு பிரதி உடைய எவருக்கும் பிள்ளை பிறக்கவில்லை என்ற மிகக் கொடிய அனுமானத்தையும் எடுத்துக்கொண்டால்கூட, அது பாதியாகக் குறையப் பத்துத் தலைமுறை ஆகும். மீண்டும் பாதியாக இன்னும் இருபது தலைமுறை. ஹைட்ராக்சியூரியா மாத்திரையால் நோயாளிகள் வாழ்ந்து பிள்ளை பெறும் இந்நாளில் வேகம் இன்னும் குறையும். இயற்கைத் தேர்வு ஓர் ஆபத்தைத் தாங்கும் ஏற்பாட்டை உருவாக்கிவிட்டால், ஆபத்து போன பிறகும் அது நம்மோடு பல நூற்றாண்டு இருக்கும்.

#8 தியேட்டர்_மூலை

நான் மயக்க மருந்து கொடுப்பவன். கல்யாணப் பந்தலைப் பற்றி ஒரு சொல். ஸ்கோலின் என்று நாங்கள் அழைக்கும் மருந்தை, மூச்சுக்குழாய் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தக் கொடுப்போம். ஐந்து நிமிடத்தில் அதன் வேலை முடிந்து, நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்குவார். சிலருக்கு மட்டும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகியும் விரல்கூட அசையாது. அந்த மருந்தைச் சிதைக்கும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அவர்கள் இரத்தத்தில் இருக்காது. வென்டிலேட்டரில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வைசியர் சமூகத்தில் இந்தக் குறைபாடு மற்ற மக்களைவிட நூறு மடங்கு அளவில் அதிகம் என்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் இதுபற்றிப் பணி நடந்திருக்கிறது.

அந்தச் சமூகத்தின் மீது குற்றம் எதுவுமில்லை. சிறிய எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்துவந்த எந்தக் கூட்டத்துக்கும் இப்படி ஏதோ ஒன்று சொந்தமாக அமையும். ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. (செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம்) நிறுவனத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் இடம்பெற்ற குழு 2017 இல் வெளியிட்ட ஆய்வில், ஃபின்லாந்து மக்களையும் அஷ்கனாசி யூதர்களையும் விட இந்த விளைவு வலுவாக உள்ள தெற்காசியக் குழுக்கள் 81 என்று கணக்கிட்டார்கள். அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கும் அதிக மக்கள்தொகை உடையவை.

அதே ஆய்வாளர்கள் 2013 இல் சொன்னது இன்னும் வியப்பானது. இந்தியாவின் மக்கள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை தாராளமாகக் கலந்து மணந்தார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கதவு இப்போது மெதுவாகத் திறக்கிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இன்னும் உறவுக்குள்தான் மணந்திருக்கிறார்கள் என்றாலும், மாமன் மகளையும் அக்காள் மகளையும் விட்டு வெளியே பார்ப்பது கூடிவருகிறது. புதிய மரபணு எதுவும் தோன்றாமலேயே, இரண்டு பழுதுப் பிரதிகள் ஓர் உடலில் சந்திப்பது இதனால் குறையும். அடுத்த இருநூறு ஆண்டுகளில் இந்திய உடல்களில் வரப்போகும் பெரிய மாற்றம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கிரிஸ்பர் இதற்குக் கிட்டவும் வராது.

#9 சந்தேகப்பிராணி

இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் இதை எண்ணிப் பார்க்க முடியும். ஆனால் வயதான பின் வரும் நோய்களை இந்தக் கலப்பு தொடாது. இதயத் தசைப் புரதமான எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட வடிவத்தை, இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நால்வர் சுமக்கிறார்கள் என்று 2009 இல் வெளிவந்தது. ஒரே ஒரு பிரதி போதும். நடுவயதுக்குப் பிறகு இதயம் தளர்கிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுவதால் பல ஆயிரம் ஆண்டுகளாக இயற்கை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காட்டுவாகையின் பிரசவ அறைக் கோட்பாட்டுக்கு இதை எதிர்ச்சான்றாக வைக்கிறேன்.

#10 மரபணு_மாணவி

அது எதிர்ச்சான்றாகாது, ஆதரவுச் சான்று. பிள்ளைப்பேறு முடிந்த பின் வருவதை இயற்கைத் தேர்வு காண்பதில்லை என்பதுதானே அவருடைய வாதம்? மக்கள் நாற்பதில் பெற்றுக்கொள்ளத் தொடங்கினால், நாற்பத்தைந்தில் தாக்கும் நோய்களும் மெல்ல அதன் பார்வைக்குள் வரும். அதற்கு ஒரு விலையும் உண்டு. ஐஸ்லாந்துத் தரவின்படி, தந்தையின் வயது ஓராண்டு கூடும்போது குழந்தைக்குச் செல்லும் புதிய மரபுப் பிழைகள் ஏறக்குறைய இரண்டு கூடுகின்றன. இருபது வயதுத் தந்தை சுமார் 25 தந்தால் நாற்பது வயதுத் தந்தை சுமார் 65 தருகிறார். வயதான தந்தையர் குறைந்துவிட்டதால் பிழைகளும் குறையும் என்று ஸ்டீவ் ஜோன்ஸ் சொன்னதற்கு, ஐ.டி. வேலையில் நிலைத்த பிறகே பெண் பார்க்கும் நம் நகரங்கள் நேர்மாறாக நடக்கின்றன.

#11 காட்டுவாகை

கூடலூர் நண்பரிடம் ஒரு கேள்வி. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் அணு ஒழிப்பு இயக்கத்தில் மக்களுக்கு அட்டை கொடுத்து, திருமணத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அது வெற்றி பெற்றால் மரபணு வேகமாக ஒழியுமா?

#12 கூடலூர்_ஆய்வகம்

நோயுள்ள குழந்தைகள் பிறப்பது குறையும். மரபணு ஒழிவது தாமதமாகும். இரண்டு பிரதிகள் ஒருவரிடம் சேரும்போதுதான் இயற்கைக்கு அது தென்படுகிறது. சேராமல் நாம் பார்த்துக்கொண்டால், ஒற்றைப் பிரதிகளாக அது தலைமுறைகள் தோறும் சுகமாகப் பயணம் செய்யும். இயக்கத்தின் இலக்கு ஆண்டு 2047. அதற்குள் ஒழிய வேண்டியது நோய், மரபணு அன்று. ஒரு பிரதி உள்ளவர் பிரதியில்லாதவரை மணந்தால் எந்தக் குழந்தைக்கும் அந்த நோய் வராது. ஆனால் முகாம்களில் நாங்கள் காண்பது வேறு: அட்டையில் "ஒரு பிரதி உடையவர்" என்று குறித்திருந்தால் பெண் கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று அஞ்சி, அதைப் பெட்டியின் அடியில் மறைத்துவிட்டு, சோதனையே செய்யவில்லை என்கிறார்கள். அப்படி மறைத்த இருவர் ஒருவரையொருவர் மணப்பதுதான் எங்களுக்குப் பயம். ஆகவே இப்போது அட்டையைக் கொடுப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து, யார் யாரை மணக்கலாம் என்பதை நான்கு கட்டம் போட்டு வரைந்து காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறோம்.